மண்தொட்டியா, க்ரோ பேக்கா, மீன்பெட்டியா: கடலோர மாடிக்கு எது சரி?

போன தை மாதம் என் தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு வீடு மாறினாள். இரண்டாவது மாடி. மொட்டைமாடிச் சாவியும் அவள் கையில். பால் காய்ச்சிய மறுநாளே வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்து விழுந்தன. ஒன்றில் வரிசையாக மண்தொட்டிகள், ஒன்றில் பச்சை நிற க்ரோ பேக்குகள் (செடி வளர்க்கும் பைகள்), இன்னொன்றில் கலர் கலராகப் பிளாஸ்டிக் தொட்டிகள் அடுக்கிய இரும்பு ஸ்டாண்ட். கீழே ஒரே வரி: "அக்கா, இதுல எது வாங்கட்டும்?"

உடனே பதில் போடவில்லை. அவள் பார்த்த வீடியோக்கள் எல்லாம் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் எடுத்தவை. அங்கே கடல் கிடையாது. நான் கடலூர் புதுப்பாளையத்தில் பதினைந்து வருடத்துக்கு மேலாக மாடியில் செடி வளர்க்கிறேன். செடி எதில் செழிப்பாக வரும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் தொட்டி வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி இதை யார் தூக்கி உள்ளே வைப்பது?

இந்தக் கேள்வி எனக்கு இரண்டு புயல்களில் வந்தது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அந்தப் புயல். அப்போது என் மாடியில் இருபத்திரண்டு மண்தொட்டிகள் இருந்தன. கனமானவைதானே, எங்கே போய்விடப்போகின்றன என்று அப்படியே விட்டுவிட்டேன். காற்று அடங்கி ஏறிப் பார்த்தபோது பதினாறு தொட்டிகள் ஓடு ஓடாகக் கிடந்தன. தொட்டியைக் காற்று தூக்கவில்லை. செடியைப் பிடித்துச் சாய்த்திருக்கிறது. சாய்ந்த தொட்டி உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. தப்பியவை ஆறும் குட்டைச் செடிகள் இருந்தவை.

அடுத்தது 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல். காற்று தானே அளவுக்கு இல்லை. ஆனால் புதுச்சேரியை ஒட்டியே மணிக்கணக்காக நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல். இதைத் தொட்டிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாய் 12 அங்குலம் உள்ள ஒரு பையின் மேல் 40 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதற்குள் விழுவது சுமார் 29 லிட்டர் தண்ணீர். 12 அங்குலம் உயரமுள்ள அந்தப் பையின் மொத்தக் கொள்ளளவே 22 லிட்டர்தான். அடியில் ஓட்டை சரியாக இல்லாத எதுவும் அன்றைக்குக் குளமாகிவிட்டது. எனக்கு ஒரு செடிகூட உடையவில்லை, சாயவில்லை. ஒரு வாரம் கழித்து வேர் அழுகி ஒன்பது செடி போயின.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

மண்தொட்டி

மனசுக்குப் பிடித்தது இதுதான். அதை மறைத்துவிட்டு நடுநிலை பேசுவதில் அர்த்தமில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. தொட்டியை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கை முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கணீரென்று சொல்லும். பொத்தென்று ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சூளையில் சூடு போதவில்லை. என்ன விலை குறைத்தாலும் பொத்தென்ற தொட்டி வேண்டாம்.

மண்பானையில் தண்ணீர் குளிர்வது போலத்தான் மண்தொட்டியில் வேர் குளிர்ச்சியாக இருப்பதும். சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகிறது, அதோடு சூடும் போகிறது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மண்ணிலும் மண்தொட்டி மண்ணிலும் விரலை விட்டுப் பார்த்தால் யாரும் விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்திலும் மண் சீக்கிரம் உலர்கிறது. ஆனால் அதே கசிவால் சித்திரை வைகாசியில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டாக வேண்டும். இரண்டு நாள் சொந்த ஊருக்குப் போனால் போச்சு.

கடலோரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஈரம் சுவர் வழியாக வெளியேறும்போது உப்பும் கூடவே வந்து, தண்ணீர் ஆவியானதும் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதைப் பார்த்து "பழமையான லுக்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் பட்டேன். அந்த உப்பு ஓட்டின் நுண்துளைகளுக்குள் இறுகி இறுகி மேல்தோலைத் தள்ளிவிடும். கிழக்குச் சுவர் ஓரம் நான் வைத்திருந்த தொட்டி ஒன்றின் அடிவிளிம்பை நான்காவது வருடம் கட்டைவிரலால் தேய்த்தபோது நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. நன்றாக வெந்த தொட்டி இந்த விஷயத்திலும் அதிக நாள் தாங்கும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பையெல்லாம் திரட்டி வெளியே தள்ளும் தண்ணீர் அது.

ஆக, துளசி, கற்றாழை, ஓமவல்லி, பிரண்டை போலக் குட்டையாகவும் வருடக்கணக்கில் ஒரே இடத்திலும் இருக்கிறவற்றுக்கு மண்தொட்டி. வாசல் படி, பால்கனி, சுவர் மூலை இதற்கு ஏற்ற இடம். மாடியில் காய்கறித் தோட்டம் முழுக்க மண்தொட்டியில் என்றால், நான் வேண்டாம் என்பேன்.

க்ரோ பேக்

இதில் இரண்டு ரகம். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு, மெல்லிய பாலித்தீன் பை ஒன்று. விலை குறைவு, ஆயுளும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. வெயிலில் நொறுங்கிப்போய், இடம் மாற்றலாம் என்று தூக்கினால் பை கையில் வரும், மண் தரையில் நிற்கும். மற்றது ஹெச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் நூலில் நெய்த பை. பெரும்பாலும் பச்சை நிறம். கடையில் ஜி.எஸ்.எம். என்று ஓர் எண் சொல்வார்கள். துணியின் கனம் அது. 200க்குக் குறையாமல் வாங்குங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்றும் கேளுங்கள். அப்படிப்பட்டவை என்னிடம் நான்கு வருடம் உழைத்திருக்கின்றன.

எல்லாரும் அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். பெரியதாக வாங்கினால் செடி பெரியதாக வரும் என்று 24 அங்குலப் பையில் இரண்டு மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு 12-க்கு 12 (அங்குலத்தில் அகலமும் உயரமும்) போதும், பைக்கு ஒரு செடி. கொடிகளுக்கு 15-க்கு 15. கீரைக்கு ஆழம் தேவையில்லை, அகலம்தான் தேவை. 9 அங்குல உயரத்துக்கு மேல் போடும் மண் வீண். எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு மட்டும் 18-க்கு 18.

பெரிய பை என்றால் எடையும் பெரிது. 24 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பையின் கொள்ளளவு 89 லிட்டர். முக்கால் பாகம் மண்கலவை நிரப்பி, மழையில் நனைந்தால் சுமார் 65 கிலோ. அது நிற்கும் இடமோ சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயப்படி கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒரு பை வைத்தால் மாடி இடிந்துவிடாது. ஆனால் நெருக்கி நெருக்கிப் பத்துப் பதினைந்து வைக்கிறவர்கள் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் ஓரங்களில் வைப்பது நல்லது.

புதுச்சேரியின் பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு இடைச்செருகல். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால், மண்தொட்டியா பையா என்ற பேச்சே வேண்டாம். மேலே எதையும் வைக்காதீர்கள். நாள்தோறும் ஈரம் இறங்கினால் உத்திரம் உளுத்துப்போகும். எங்கள் அத்தை வீடு அப்படிப்பட்டது. செடி எல்லாம் முற்றத்தில்தான், சிமெண்ட் தொட்டியில்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு பைகளைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அழுகலுக்குக் காரணம் புரிந்தது. பையின் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடிப்பக்கம் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததால் ஓட்டைகள் அடைத்துப்போய், கீழே இரண்டு அங்குலத்துக்குச் சேறு, சாக்கடை வாசனை. இப்போது ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் வைக்கிறேன். அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில் நான்கு ஓட்டையும் கூடுதலாகப் போடுகிறேன். செங்கல் வைத்தால் தளத்தில் கறையும் பிடிக்காது. வாடகை வீட்டில் இது சின்ன விஷயமில்லை. "ஒழுகினா நீங்கதாம்மா பொறுப்பு" என்று தங்கையின் வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

மண்கலவையும் இதோடு சேர்ந்ததுதான். செம்மண், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம பங்கு என்பது எல்லாரும் சொல்வது. கோகோ பீட் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடைக்கு வரம், ஐப்பசி கார்த்திகைக்குச் சாபம். மழைக்கு முன் புதிதாக நிரப்பும் பை என்றால் கோகோ பீட்டைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் ஆற்று மணலோ கரித்தூளோ போடுகிறேன். கோகோ பீட் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

பையின் பெரிய லாபம் புயலன்று தெரியும். 12 அங்குலப் பையை ஒரு பெண் தனியாகத் தூக்கிவிடலாம், பையின் காதை, அதாவது கைப்பிடியை, பிடிக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்கினால். காதுத் தையல்தான் முதலில் பிய்யும். மாடிப்படி மறைவில் இருபது பையை நெருக்கி அடுக்க அரைமணி நேரம். ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் சாயவும் சாயாது. கெடுதலும் சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வருடத்திலிருந்து பையின் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்து காற்றில் பறக்கிறது. கீரைக்குள், தண்ணீர்த் தொட்டிக்குள், துணி காயப்போட்ட கொடியில் எல்லாம் பச்சை இழை. அந்த நிலையில் பையைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன், மனசாட்சி உறுத்தினாலும்.

பழைய பொருள்கள்

20 லிட்டர் பெயிண்ட் வாளிதான் இதில் ராஜா. கைப்பிடி இருக்கிறது, உடையாது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். கழுவிக் காயவைத்து, அடியில் ஆறு ஓட்டை போட்டால் 12 அங்குலப் பைக்குச் சமம். வெள்ளை வாளி என்பதால் சூடும் கறுப்பு அளவுக்கு ஏறாது. அழகு பார்க்கிறவர்களுக்குச் சரிவராது, அவ்வளவுதான்.

200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டி வைப்பதும் உண்டு. முருங்கை, வாழை ஆசைக்காரர்கள் செய்வது. மண் நிரப்பினால் நூறு கிலோவைத் தாண்டும்; வைத்த இடத்தில் வைத்ததுதான். கடலூரில் ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைய. பழைய டிரம் கடைக்கு என்னென்னவோ வரும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், சாப்பிடும் செடிக்கு அந்த டிரம் வேண்டாம். மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை இது.

இனி நம் ஊருக்கே உரிய சரக்கு: மீன்பெட்டி. கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. மூலை உடைந்ததை ஓரமாகப் போட்டிருப்பார்கள். கேட்டால் சொற்ப காசுக்குத் தருவார்கள், சில நாள் காசே வாங்க மாட்டார்கள். கீரைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் நான் பார்த்ததில்லை. அகலம் உண்டு, ஆழம் அளவானது, எடை ஒன்றுமே இல்லை. ஐஸ் உருகாமல் காக்கும் சுவர் வெயிலையும் உள்ளே விடாது. மே மாதத்திலும் சிறுகீரை சுருண்டு விழாமல் நிற்கிறது. விதைத்து இருபத்தைந்தாம் நாள் பறிக்கலாம்.

எடுத்து வந்ததும் அப்படியே மண் போட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். தெருவின் பூனைகள் அத்தனையும் எங்கள் மாடியில் மாநாடு கூட்டின. பெட்டியில் ஊறிய உப்பும் மீன்தண்ணீரும் போக, மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டி, வெயிலில் காயவைத்த பிறகுதான் மண். அடியில் கம்பியைச் சூடாக்கி ஓட்டை போடாதீர்கள், அந்தப் புகை ஆகாது. பழைய ஸ்க்ரூ டிரைவர் போதும்.

குறை என்றால், இரண்டு வருடத்தில் குருணை குருணையாக உதிரும். காற்றுக்குப் பயப்படவே வேண்டிய பொருள் இதுதான். காலிப் பெட்டி பட்டம் மாதிரி பறந்து அடுத்த தெருவுக்குப் போகும். மண்ணோடு இருக்கும்போது பரவாயில்லை. ஐப்பசி பிறந்ததும் காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் கயிற்றால் கட்டிவிட வேண்டும்.

மிச்சம் இரண்டு

பிளாஸ்டிக் தொட்டியும் சிமெண்ட் தொட்டியும். முதலாவது, பால்கனிப் பூச்செடிக்குச் சரி. கறுப்பு நிறம் வாங்காதீர்கள், மேற்குப் பக்கம் வைக்காதீர்கள். தங்கை அனுப்பிய இரும்பு ஸ்டாண்டைப் பற்றி: உப்புக்காற்றில் இரண்டாவது மழைக்காலத்துக்குள் துரு ஏறிவிடும், துருக்கறை தளத்தில் இறங்கும். சிமெண்ட் தொட்டி தரைவீட்டுக்கு. புதிதில் சுண்ணாம்புத் தன்மை இருக்கும் என்பதால் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுச் செடி வையுங்கள்.

தங்கை வாங்கியது

அவள் நிலைமை இது: வாடகை வீடு, எத்தனை வருடம் என்று தெரியாது. தண்ணீர் போர்தான், உப்பு. தூக்க இரண்டு பேர், அதிலும் மாப்பிள்ளை பாதி நாள் வெளியூர். அதனால் நெய்த க்ரோ பேக் 12 அங்குலத்தில் எட்டு, கொடிக்கு 15 அங்குலத்தில் இரண்டு. கீரைக்கு மீன்பெட்டி மூன்று. படியோரம் துளசிக்கும் ஓமவல்லிக்கும் மட்டும் வில்லியனூர் மண்தொட்டி இரண்டு. சொந்த வீடாக இருந்தால் ஓரத்தில் ஒரு 18 அங்குலப் பையில் கறிவேப்பிலை வைக்கச் சொல்லியிருப்பேன். இப்போது வைத்துவிட்டு, வீடு மாறும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்று அழ வேண்டாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்களே அக்கா, ஆடி வரைக்கும் பொறுக்கணுமா?" என்று கேட்டாள். அது வயலுக்குச் சொன்னது. ஆடியில் விதைத்த கத்தரி நன்றாகக் காய்த்துக் குலுங்கும் நேரத்தில் நம் கரைக்கு மழை வந்துவிடும். மாடிக்கு எனக்குத் தைப்பட்டம்தான் பிடிக்கும். தையில் நட்டால் மாசி பங்குனியில் காய், அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4-க்குள் பெரும்பாலும் பறித்து முடித்துவிடலாம். ஆடியில் கீரையும் வெண்டையும் போதும், சீக்கிரம் முடிகிற பயிர்கள்.

மாசி கடைசியில் போன் வந்தது. சிறுகீரை முளைத்துவிட்டதாம், ஆனால் காக்கா வந்து தெர்மாகோலைக் கொத்திக் கொத்திப் போடுகிறதாம், அணிலும் சேர்ந்துகொண்டதாம். தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் கிழிந்த வலை கேட்டு வாங்கினேன். இரண்டு ஆள் நீளம். பெட்டி மேல் நான்கு குச்சி நட்டு வலையைப் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்துவிட்டு வந்தேன். "மீன்பெட்டிக்கு மீன்வலையா?" என்று அவள் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் தனக்கும் ஒரு பெட்டி கிடைக்குமா என்று கேட்டார்.